நெருப்புக்கு வக்கடை கட்டிய விதானையார்

நெருப்புக்கு வாய்க்கால் வெட்டலாம் என்று நம்பிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் பக்கத்து வீட்டு விதானையார்தான். வட்டை விதானை என்றால் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிப்பவர். விதைப்புக்கு முன் கூடும் கன்னக்கூட்டத்தில், போன முறை வயல்காரர்கள் வேறொருவருக்குக் கையைத் தூக்கி அந்தப் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். பதவிதான் போனது, அதிகாரம் போகவில்லை. அவர் வீட்டில் கோழிகூட முறை வந்தால்தான் தண்ணீர் குடிக்கும்.

பதவியை மீட்க அவர் கண்ட வழி இறைச்சி. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் மாடு அறுத்து, வயல்காரர்களைக் கூப்பிட்டு, போனில் பார்த்த மாதிரியே புகையில் வாட்டிய இறைச்சி கொடுப்பது. தின்ற கை அடுத்த கூட்டத்தில் தானாக மேலே எழும்பும் என்று திட்டம்.

"குர்பானுக்கு நிய்யத்து வெச்சீங்களா, கை தூக்குறத்துக்கு வெச்சீங்களா?" என்று அவர் மனைவி, எங்கள் மாமி, கேட்டார்.

"ரெண்டுக்கும் ஒரே மாடுதான். நீ பேசாம இரி."

ஒரு பெரலை, பழைய எண்ணெய்ப் பீப்பாயை, கழுவி எங்கள் மதிலோரம் படுக்கவைத்தார். ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் புகைக்குழாய், இடையில் இறைச்சி தொங்கக் கம்பிகள். அடுப்பு முனையைக் கல் வைத்து உயர்த்தினார். சூடு பள்ளத்துக்கு ஓட வேண்டுமாம்.

"சூடு மேலதானே போகும் மாமா?" என்றேன்.

"மனே, முப்பது வருசம் பாய்ச்சின எனக்கு ஓட்டம் தெரியாதா? நீ போய் பேப்பருக்கு எழுது."

பற்றவைத்துப் பார்த்தார். புகை குழாய்ப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அடுப்பு வாயாலேயே வெளியே வந்து, மதில் ஏறி, எங்கள் வீட்டில் குடியேறியது. மூன்று நாள் என் தலையணை விறகு மணத்தது. என் மனைவி அவரோடு கதைப்பதையே நிறுத்திவிட்டாள்.

நாலாம் நாள், தானே கண்டுபிடித்தவர்போல, கல்லை எடுத்து மறுமுனைக்கு வைத்தார். இப்போது சூடு அழகாக மேலேறியது. ஆனால் சூடு மேலே போனால் கொழுப்பு எங்கே போகும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பெருநாளன்று முற்றம் நிறைய வயல்காரர்கள். இறைச்சியிலிருந்து சொட்டிய கொழுப்பு பெரலின் அடியால் ஓடி நேராக அடுப்புக்குள் பாய்ந்தது. தீ மதிலுக்கு மேலே எழும்பிவிட்டது!

"வக்கடையக் கட்டுங்கடா!" என்று கத்தினார் விதானையார்.

வக்கடை என்பது தண்ணீர் விட வரம்பில் வெட்டும் வாய்; கட்டுவதென்றால் அதை மண்ணால் அடைப்பது. நெருப்புக்கு ஏது வக்கடை? ஆனால் பழக்கம் பொல்லாதது. அவரைப் பதவியிலிருந்து இறக்கிய அத்தனை பேரும் பாய்ந்து எழும்பி, மாமியின் கீரைப்பாத்தி மண்ணை வெட்டி, அடுப்புக்குக் காற்றுப் போகும் வாயை அடைத்தார்கள். தீ அடங்கியது. பிறகுதான் யாருடைய சொல்லைக் கேட்டோம் என்று விளங்கி, சேற்றுக் கையோடு முழித்தார்கள்.

"கொழுப்புக்குத் தனி வடிச்சல் வெட்டாதது என்ட பிழ" என்றார் விதானையார், கருகிய புருவத்தோடு.

"கொழுப்புக் கூடினா இப்பிடித்தான்" என்றார் மாமி. அவர் பெரலைப் பார்த்துச் சொல்லவில்லை.

விதானையார் தகரம் ஒன்றை வளைத்து இறைச்சிக்குக் கீழே எதிர்ப்பக்கம் சாய்த்தார். கொழுப்பு வெளியே வைத்த பால்மா டின்னுக்குள் சமர்த்தாக வடிந்தது. எல்லாம் சரி. ஆனால் கடைசிக் கம்பிக்குச் சூடு போதவில்லை.

"காக்கா, முன்னுக்குள்ளது வெந்திட்டுதே, தாங்க!" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்கள் வாய்க்காலின் மேல்பக்கத்துப் பெரிய வயல்காரப் போடிமார்.

"கடைசித் துண்டு வேகாம ஒருத்தரும் கை வைக்கப்படா. மறுகா தாறன்."

கம்பி கம்பியாக மாற்றிக்கொண்டே இருந்தார். நண்பகல் லுஹருக்கு வந்தவர்கள் பின்னேர அஸருக்குத்தான் தின்றார்கள். எலும்பையும் விடவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கைகள் மறுபடியும் மற்றவருக்கே எழும்பின. விதானையார் என் காதில் சொன்னார்: "கையெல்லாம் கொழுப்பு மனே. எனக்குத் தூக்க வெக்கப்பட்டிருப்பாங்க."

அவருக்குப் பதவி போன காரணமும் அந்தக் கடைசித் துண்டுப் பிடிவாதம்தான். கடைசி வயல் நனையாமல் மேல்வயலுக்கு மறுமுறை தண்ணீர் விடமாட்டார். அந்தக் கடைசி வயல் எங்களுடையது. இந்தக் கூட்டத்தில் அவருக்காக எழும்பியது என் ஒரு கைதான். எண்ணி முடித்து எல்லோரும் எழுந்து போன பிறகும் எனக்கு அதை இறக்க மனம் வரவில்லை.