கால் ஊன்றாதவர்

நல்ல காரியத்துக்காக நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. காடு மேடெல்லாம் தேட வேண்டாம். உங்கள் அலுவலகத்திலேயே, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நின்றுகொண்டிருப்பார். தாகத்தோடு போவீர்கள், தலை நிறையக் கிலோமீட்டரோடு திரும்புவீர்கள்.

நம்மவர் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புப் பிரிவு மேலாளர். கண் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட நானூறு கிலோமீட்டர் பயணம். அதில் அறுபது ஒரு பழமையான காட்டுக்குள். மனுஷன் பேசாமல் போய்விட்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? காட்டுக்குள் நுழைந்தால் வெளியே வருகிற வரை தரையில் கால் ஊன்ற மாட்டேன் என்று மேஜை மேஜையாகப் போய்ச் சொல்லிவைத்தார். எங்கே ஊன்றப்போகிறார் என்று பார்க்கும் ஆசையிலேயே ஆளுக்குக் கொஞ்சம் நன்கொடை எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்கு நல்லதுதான்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். அந்தக் காட்டின் நடுவே நிற்கும் ஆயிரம் வருஷத்து மரத்தை இருபது வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறாள், நேரில் பார்த்ததில்லை. இப்போது போகலாம் என்றால் முழங்கால் வலி விடுவதாயில்லை.

"எனக்காக அதை ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, போதும்" என்றாள்.

தலையாட்டினார். ஹெல்மெட் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கவும் அந்த ஆட்டல் உதவியது.

காட்டுக்குள் அவர் கண்டது என்ன? கைப்பிடியில் மாட்டிய செல்போனில் தன் வேகம், முன்னால் போகிறவரின் பின்சக்கரம், மறுபடியும் தன் வேகம். கண் ஆஸ்பத்திரிக்காகத்தான், ஐயா! பெரிய மரம் வந்தது. எல்லோரும் இறங்கி அண்ணாந்து நின்றார்கள். இவர் மட்டும் அதை மூன்று சுற்றுச் சுற்றினார். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். வேர்கள் புடைத்துக் கிடந்ததால் சைக்கிளோடு கிட்டப் போக வழியில்லை. தொட வேண்டுமானால் இறங்க வேண்டும், இறங்கினால் கால் ஊன்ற வேண்டும். மனைவி முகம் ஞாபகம் வந்தது. தண்ணீர் பிடிக்கும் இடமும் ஞாபகம் வந்தது. தொடாமலே சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

வீடு திரும்பிச் சராசரி வேகம், ஏற்றம், இறக்கம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"மரத்தத் தொட்டீங்களா?"

"தொடாம வருவேனா? சொரசொரன்னு இருந்துச்சு. கையே கீறிடுச்சுன்னா பாத்துக்கோ."

அவள் முழங்காலைத் தடவுவதை நிறுத்தினாள்.

"அந்த மரத்துப் பட்டை வழுவழுன்னு இருக்கும். இருபது வருஷமா அதத்தான் பாடம் நடத்துறேன்."

அறுபது கிலோமீட்டர் தரை தொடாத கால்கள், சொந்த வீட்டுக் கூடத்தில் ஊன்ற இடமில்லாமல் தவித்தன.

ஐயோ பாவம் என்கிறீர்களா? நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனால் இதைப் படிக்கத் தொடங்குமுன், எங்கே முடிகிறது என்று கீழே ஒருமுறை கண்ணை ஓட்டினீர்களே, அது எதற்காம்?