வேறு ஒரு நபருக்கு மட்டும்

புகார் கொடுக்க வந்தவர், குழாயில் தண்ணீர் வராத கதையை இரண்டாம் முறையாக ஆரம்பித்திருந்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பொறுமைசாலி வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கண் மட்டும் மேஜைக்கு அடியில் பிடித்திருந்த போனில் இருந்தது. காலையில் வந்த அந்தக் கடிதத்தை அவர் நான்காம் தடவையாகப் படித்தார்.

"அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தங்கள் செவித்துணைக் கருவி எந்த நேரத்தில் இயங்கியது, எந்த நேரத்தில் அணைக்கப்பட்டது என்ற விவரங்கள், தவறுதலாக வேறு ஒரு நபருக்கு மட்டும் பகிரப்பட்டுவிட்டன. தவறு சரிசெய்யப்பட்டுவிட்டது. வருந்துகிறோம்."

வேறு ஒரு நபர். யார் அந்தப் புண்ணியவான்?

பொறுமைசாலி என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறார். யார் வந்து எவ்வளவு நேரம் கத்தினாலும் முகம் சுளிக்காமல் கேட்பார். கேட்கிறார் என்று எல்லோரும் நம்பினார்கள். மூன்று வருடத்துக்கு முன் அவருக்குக் காது மந்தமானபோது, மனைவி விடாப்பிடியாக அழைத்துப்போய் ஒரு காது மெஷின் வாங்கி மாட்டிவிட்டாள். அதன் பின்பக்கம் அரிசியளவில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் உலகம் வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பொத்தானின் அருமை அவருக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது.

வந்தவர் வாயைத் திறந்ததும் காதைச் சொறிவதுபோல அழுத்துவார். வாய் அசைவது நிற்கும்வரை தலையாட்டுவார். மறுபடி அழுத்திவிட்டு, மனுவை எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம் என்பார். வந்தவர்கள் மனபாரம் இறங்கிப் போவார்கள். தண்ணீர் எப்போதும்போல வரும்போது வரும்.

அலுவலகத்துக்குத் தெரிந்தால் ஒரு மெமோவோடு போகும். வீட்டுக்குத் தெரிந்தால்? அப்படி லேசில் போகாது. ஏனென்றால் அந்தப் பொத்தானுக்கு அலுவலகத்தைவிட வீட்டில்தான் வேலை அதிகம். சாயந்திரம் ஏழு மணிவாக்கில் பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்வார். என்ன ராசியோ, அவர் அழுத்தி ஐந்து நிமிடம் கழித்துத்தான் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பிப்பாள். அவள் பேசுவாள், இவர் தலையாட்டுவார். அவள் சிரித்தால் இவரும் சிரிப்பார். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் சண்டையே இல்லாதது இந்தக் கடைசி மூன்று வருடம்தான். தன் பேச்சை இப்படிக் காது கொடுத்துக் கேட்கிற புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் தோழிகளிடம் பெருமையடிப்பது வேறு இவருக்குத் தெரியும். அந்தப் பெருமை பொய் என்று தெரிந்தால் அவள் மனசு உடைந்துவிடும். அப்புறம் அவர் பாடு அதோகதிதான்.

கம்பெனிக்குப் போன் செய்தார். அரை மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு குரல், விவரம் வேண்டுமென்றால் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும், அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் நேரம் இருக்கிறது என்றது. இன்றைக்குத் திங்கட்கிழமை. இன்னும் எட்டு நாள்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவருடைய சந்தேகப் பட்டியலில் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

முதல் ஆள், பக்கத்து இருக்கைத் தபால் குமாஸ்தா. அவர் காலையில் வந்ததும் வராததுமாக, "என்ன சார், காதெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். போன வாரம் ஜலதோஷத்தில் காது அடைத்திருந்ததாக இவரே சொன்னதுதான். அது இப்போது ஞாபகத்தில் இல்லை. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனின் காதை எதற்காக நலம் விசாரிக்க வேண்டும்?

இனி மெஷினை அணைப்பதே இல்லை என்று முடிவு செய்தார். அதோடு விட்டிருக்கலாம். குமாஸ்தாவின் வாயை முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்று அவர் மேஜைக்குப் போனார்.

"சார், என் மெஷின் ரொம்ப நாளா ரிப்பேர். தானாவே நின்னுடும். நானா எதையும் அணைக்கறதில்ல."

"நான் ஒண்ணும் கேக்கலையே சார்."

"யாராவது ஏதாவது சொன்னா, இதை ஞாபகம் வெச்சுக்குங்க."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. ஆனால் குமாஸ்தா நல்ல மனுஷர். பாவம், மெஷின் வேலை செய்யவில்லை, அவரிடம் பேசுகிறவர்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் என்று மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து பியூன் முதல் மேலதிகாரி வரை ஒவ்வொருவரும் அவர் காதருகே குனிந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்கள். மெஷின் முழு சக்தியோடு ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கெல்லாம் அவருக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. இவர்களில் யாராவது வேண்டுமென்றே கத்துகிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் ஒரே கருணை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

புகார்களும் மூன்று வருடத்தில் முதன்முறையாகக் காதில் விழுந்தன. காதில் விழுந்தால் பேசாமல் இருக்க முடிகிறதா? எந்தத் தெரு, எத்தனை நாளாக என்று குறுக்கே கேட்டார். வந்தவர்கள் தடுமாறினார்கள். புதன்கிழமைதோறும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வருவார். அன்றும் வந்து, குழாயில் ஆரம்பித்து மருமகள் வரைக்கும் வந்திருந்தார்.

"அம்மா, உங்க குழாயை போன வருஷமே சரி பண்ணியாச்சே?" என்றார் பொறுமைசாலி, கோப்பைப் புரட்டிப் பார்த்து.

தலைமையாசிரியை அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அங்கேயே நின்று, மனசு விட்டுப் பேச விடாமல் குறுக்கே பேசுகிறார் என்று அவர் மேலேயே ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினெட்டு வருடத்தில் அவர்மேல் வந்த முதல் புகார் அது. மேலதிகாரி அதை அவர் காதருகே குனிந்து, வரி வரியாகக் கத்திப் படித்துக் காட்டினார். பட்டியலில் தலைமையாசிரியை பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்தார்.

சரி, அலுவலகம் எக்கேடு கெட்டால் என்ன, வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார். மெஷின் ஓடியபடி, மனைவிக்கு எதிரே, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை தம்பி வந்துடுவான். அதுக்குள்ள உங்க ரேடியோவையெல்லாம் எடுத்துடுங்க," என்றாள்.

வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை. விடுமுறை நாட்களில் பழைய ரேடியோக்களைக் கழற்றி மாட்டிக்கொண்டு அவர் நிம்மதியாக இருக்கும் இடம் அது.

"எதுக்கு எடுக்கணும்?"

"அந்த ரூம்லதானே அவன் இருக்கப்போறான்."

"எத்தனை நாள்?"

"என்னங்க, புதுசா கேக்கறீங்க? ஒரு வருஷம்னு சொன்னேனே. போன மாசம் பதினாலாம் தேதி. நல்லா ரெண்டு தடவை தலையாட்டினீங்க."

நான் எப்போது தலையாட்டினேன் என்று கேட்டால், அப்போது எங்கே போயிருந்தீர்கள் என்ற கேள்வி வரும்.

மூன்று வருடத்தில் வேறு எதற்கெல்லாம் தலையாட்டித் தொலைத்தோம் என்பதை அவர் நேராகக் கேட்க முடியாது. தூண்டில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்ததில் வியாழக்கிழமைக்குள் மூன்று சிக்கின. ஹாலுக்குக் கத்தரிப்பூ நிறம் அடிக்கச் சம்மதித்திருந்தார். தன் ஸ்கூட்டரை அவளுடைய தோழியின் மருமகனுக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஐந்தரை மணிக்குப் பூங்காவில் உடற்பயிற்சி செய்யும் குழுவில் சேர்வதற்கு மட்டுமல்ல, அதற்குச் செயலாளராக இருக்கவும் சம்மதித்திருந்தார். எல்லாவற்றுக்கும் அவளிடம் தேதி இருந்தது.

போனது போகட்டும், இனியாவது உஷாராக இருப்போம் என்று, அதன்பிறகு அவள் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றார். திரைச்சீலை வேண்டாம். புது அலமாரி வேண்டாம். அவள் அக்கா வீட்டுக்குப் போக வேண்டாம். மனைவி அவரையே வெறித்துப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இப்படி எதிர்த்துப் பேசுகிற ஆளே இல்லையே, உடம்புக்கு என்னவோ செய்கிறது என்று தீர்மானித்து, துணைக்கு ஆள் வேண்டுமென்று தம்பியை வெள்ளிக்கிழமையே கிளம்பி வரச் சொல்லிவிட்டாள்.

மச்சினன் இரண்டு பெட்டியோடும் ஒரு ட்ரம்பெட்டோடும் வந்து இறங்கினான். இப்போதுதான் கற்றுக்கொள்கிறானாம். வாசலில் நின்றபடியே காதைச் சொறிந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தான்.

பொறுமைசாலி அவன் விரலையே பார்த்தார். காதைச் சொறிகிறான். இவன்தான். பட்டியலில் இருந்த பன்னிரண்டு பேரையும் அந்த நிமிடமே விடுதலை செய்தார். சாயந்திரம் மனைவி கடைக்குப் போன சமயம் பார்த்து அவனை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார்.

"உனக்கு எல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியும்," என்றார்.

மச்சினன் வெலவெலத்துப் போனான். "உங்களுக்கு யார் சொன்னாங்க மாமா?"

"யார் சொன்னா என்ன? உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாது. அதுக்கு உனக்கு என்ன வேணுமோ கேளு."

"தெரிஞ்சா அக்கா என்னைத் தொலைச்சுடுவா மாமா. நீங்க சொல்லாம இருந்தாலே போதும்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. "வேலை போய் நாலு மாசம் ஆகுது. ஒரு வருஷம்னு அக்காகிட்ட சொன்னேன். ரெண்டு வருஷம்கூட ஆகலாம்."

அவனுக்குக் காதில் கொசு கடித்திருந்தது, அவ்வளவுதான். இப்போது மனைவியிடமிருந்து மறைக்க வேண்டிய விஷயம் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. வாக்குக் கொடுத்த பாவத்துக்கு, ட்ரம்பெட்டை நிறுத்து என்றுகூட அவனிடம் சொல்ல முடியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் ஊதினான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விரல் நூறு தடவை பொத்தான் வரைக்கும் போய்த் திரும்பியது.

திங்கட்கிழமை சாயந்திரம் மனைவி போனை எடுத்து எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தம்பி வெளியே போயிருந்தான், அவனைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தார். பிறகு அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நாளா நீங்க நீங்களாவே இல்ல," என்றாள். "மூணு வருஷமா நான் எது சொன்னாலும் மறுபேச்சு பேசினதில்ல. அதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்கன்னே எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போதான் ஞாபகம் வருது."

சொல்லும்போது அவள் குரல் கம்மியது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்ணைப் போய் மூன்று வருடம் ஏமாற்றியிருக்கிறோமே. பட்டியல் போட்ட நாளில் ஒரு கணம் இவள் பெயரையும் எழுதலாமா என்று யோசித்தது ஞாபகம் வந்து, மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வேறு ஒரு நபர் எவனாக இருந்தாலும் சரி, காலில் விழுந்தாவது அவன் வாயை அடைத்துவிட வேண்டும், இவள் மனசு நோகக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனி கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றார். மேஜைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"ஆமா சார். போனது ஒரே ஒரு நம்பருக்குத்தான். நீங்க மெஷினை அணைச்ச ஒவ்வொரு தடவையும், அடுத்த நிமிஷமே அந்த நம்பருக்கு மெசேஜ் போயிருக்கு. மூணு வருஷமா."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரும்மா அது?"

"அதைச் சொல்லக் கூடாது சார். அது அவங்க தனிப்பட்ட தகவல்."

"என் தகவலை மூணு வருஷமா வாரி விட்டுட்டு, இப்போ அவங்க தகவலைப் பூட்டி வெக்கறீங்களா?"

அது தெரியாமல் நடந்த தவறு, இது தெரிந்தே செய்கிற தவறாகிவிடும் என்று அந்தப் பெண் பணிவாக விளக்கினாள். அவர் கோபப்பட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. கெஞ்சினார். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், அந்த ஆளால் தன் குடும்பத்துக்கு ஏதாவது கெடுதல் வருமா என்பதை மட்டுமாவது சொல்லும்படி கேட்டார். குரல் உடைந்துவிட்டது. வீட்டில் ஒரு அப்பாவி இருக்கிறாள், அவளுக்காகத்தான் கேட்கிறேன் என்றார்.

அந்தப் பெண்ணுக்கு மனசு இளகிவிட்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, திரையைக் கொஞ்சம் கீழே நகர்த்திப் படித்தாள்.

"பயப்படாதீங்க சார், கெட்டவங்களாத் தெரியல. நேத்துகூட போன் பண்ணி, 'ஒரு வாரமா மெசேஜும் வரல, அவரும் எதுக்கும் தலையாட்ட மாட்டேங்கறார், தயவுசெஞ்சு மறுபடி அனுப்புங்க'ன்னு அழாத குறையா கேட்டிருக்காங்க."