ஆர்சொன்னக்காவும் சுடாத வெளிச்சமும்

உலகத்திலுள்ள சந்தேகத்தை எல்லாம் ஒரு தட்டிலும், ஆர்சொன்னக்காவின் சந்தேகத்தை மற்றத் தட்டிலும் வைத்தால் அக்காவின் தட்டுத்தான் தாழும். அதற்கு முதல் அக்கா தராசைச் சோதித்துப் பார்ப்பார்.

முல்லைத்தீவுக் கரையில் மீன் வாங்கி ஒட்டுசுட்டான் சந்தையில் விற்கிறவர். யார் எதைச் சொன்னாலும் "ஆர் சொன்னது?" என்பார். அப்படி வந்த பெயர். ஞாயிறு பூசை அரை மணித்தியாலம் பிந்தும் என்று சுவாமியார் கோயிலில் அறிவித்தபோதும் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழும்பி அதையே கேட்டாராம். தான்தான் சொல்வதாகச் சுவாமியார் சொல்ல, "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றாராம்.

நான் காணிக் கந்தோருக்கு மாற்றலாகி வந்து, அக்கா வீட்டு முன்னறையை வாடகைக்குக் கேட்டேன். அக்கா கந்தோருக்குப் போன் எடுத்து, நான் அங்கே வேலை செய்வது உண்மையா என்று விசாரித்தார். ஓம் என்றார்கள். போனில் யாரும் ஓம் சொல்லலாம்தானே என்று மறுநாள் நேரிலேயே வந்து, நான் மேசையில் இருப்பதைக் கண்ட பிறகுதான் அறைத் திறப்பைத் தந்தார். அதற்குப் பிறகும், ஒரு தனி ஆளுக்கு இவ்வளவு பாரமான பெட்டி எதற்கு என்று கனநாள் யோசித்தார்.

மீன் வியாபாரத்துக்கு இந்தக் குணம் பெரிய முதல். மீனின் கண் பளிச்சென்று இருந்தால் புது மீன், மங்கியிருந்தால் பழசு. கண்ணைப் பார்க்காமல் அக்கா விலை பேசமாட்டார். ஒரு நாள், கரையில் கிடந்த மீனெல்லாம் பழசு என்று சொல்லிவிட்டார். படகுக்காரர் ஒருவர் ஒரு விளைமீனைத் தூக்கிக் காட்டினார்.

"துடிக்குதக்கா."

"துடிக்கட்டும். கண் மங்கல்."

அன்றைக்கு வெறும் கூடையோடு திரும்பினார். அடுத்த நாளும் அப்படித்தான். கொஞ்ச நாளில் கரையில் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். எல்லோரும் ஒன்றுசேர்ந்து தன் தொழிலைக் கெடுக்கிறார்கள் என்று அக்கா என்னிடம் குறைப்பட்டார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, காய்ச்சலோ, ஏன் நானும் மங்கிப்போய் இருக்கிறேன் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் வெண்புரை. சாதாரண ஒப்பரேசனே போதும் என்றார்கள். கனடாவில் இருக்கிற அக்காவின் மகன் கேட்கவில்லை. கொழும்பில் லேசரால்தான் செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். துணைக்கு நான் போனேன். பஸ்ஸில் அக்காவின் காலடியில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. கொழும்புச் சொந்தக்காரருக்காக்கும் என்று நினைத்தேன்.

கொழும்பு டொக்டர் பொறுமைசாலி. இந்த லேசர் ஒளி ஒரே வீச்சாக வராது, துடிப்புத் துடிப்பாக வரும் என்றார். ஒவ்வொரு துடிப்பும் அவ்வளவு சின்ன நேரம் என்றபடியால் சூடு பக்கத்தில் பரவ நேரமே கிடைக்காது, அதனால் எரிக்காமல் வெட்டும் என்றார். அந்தத் துடிப்போடு பார்த்தால் நாங்கள் கண் இமைக்கிறது ஒரு யுகமாம்.

"இவ்வளவு கெதியா முடியிற வேலைக்கு ஏன் டொக்டர் விடியவே வரச் சொன்னனீங்கள்?"

டொக்டர் சிரித்தார். இதே சாதி லேசரை வைத்து விஞ்ஞானிகள், அணுக்கள் ஒன்றோடொன்று சேருவதையும் பிரிவதையும் அந்தக் கணத்திலேயே கவனிக்கிறார்கள் என்று ஆசையாகச் சொன்னார். அதுகள் சேருவதை இவையள் ஏன் ஒளிச்சிருந்து பாக்கினம் என்று அக்கா என் காதில் கேட்டார். டொக்டரில் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அதோடு போயிற்று.

"கண்ணுக்குத் தெரியாத நேரத்தில வெட்டுறது எண்டுறியள். வெட்டாமலே வெட்டினது எண்டு சொன்னா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டபடி ஐஸ் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே பெரிய விளைமீன். "முதல் இதின்ர கண்ணில வெட்டிக் காட்டுங்கோ."

அறை முழுக்க முல்லைத்தீவு மணத்தது. நேர்ஸ்மார் எட்டிப் பார்த்தார்கள். டொக்டர் கோபிக்கவில்லை. மீனை அந்த மெஷினில் படுக்கவைக்க ஏலாது என்று மெல்லச் சொல்லிவிட்டு, அக்காவின் கண்ணைப் படமெடுத்துத் திரையில் காட்டினார். எந்த இடத்தில் வட்டமாக வெட்டு விழும், மங்கின வில்லை எப்படித் துண்டாகும், அதை எடுத்துவிட்டு எப்படிப் புது வில்லை வைப்பார் என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். அக்காவுக்கு அந்தத் திரையே மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்குப் பயமாக் கிடக்கு."

நானறிய அவர் வாயிலிருந்து வந்த, சந்தேகமில்லாத முதல் வசனம் அது. கையைப் பிடித்துக்கொண்டேன். ஒப்பரேசன் தியேட்டர் வாசல்வரை அவர் என் கையை விடவில்லை.

முதல் கண்ணின் ஒப்பரேசன் சுகமாக முடிந்தது. அந்த மீனை அக்கா டொக்டருக்கே கொடுத்தார், லஞ்சம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதென்று ஒரு நேர்ஸைச் சாட்சிக்கு நிறுத்திவைத்து. மறுநாள் கட்டை அவிழ்த்து, சுவரிலிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரை தடக்காமல் வாசித்தார். பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் பெரிய எழுத்துப் பலகை மாட்டியிருக்கினம் என்று என்னிடம் முறையிட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, எனக்கு எப்போது தலை நரைத்தது என்று விசாரித்தார்.

மற்றக் கண்ணும் பிறகு சரியாயிற்று. கரையில் திரும்பவும் அக்கா கூடையோடு வந்தால் எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

நான் இப்போது மாற்றலாகி வவுனியாவில் ஒரு தனியறையில் இருக்கிறேன். அக்கா மத்தியானத்தில் போன் எடுத்து, சாப்பிட்டாச்சோ என்று கேட்பார். ஓம் என்றால் விடமாட்டார். என்ன கறி, ஆர் சமைச்சது, மீன் எங்க வாங்கினது என்று குறுக்கு விசாரணை நடக்கும். பொய் சொன்னால் குரலிலேயே பிடித்துவிடுவார். அவரிடம் பிடிபடக்கூடாதே என்றுதான் நான் ஒவ்வொரு நாளும் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறேன்.