முட்டைக்கோஸ் கூட்டில் வந்த நுரை

டாக்டர்கள் என்னிடம் பேசும்போது கொஞ்சம் குறைத்துச் சொல்வது நல்லது. நடக்கச் சொன்னால் ஓடுகிற ஆசாமி நான். ஓடச் சொல்லியிருந்தால் எங்கள் ஊர் மத்திகிரியில் கிளம்பிப் பெங்களூரைத் தாண்டித்தான் நின்றிருப்பேன்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கும் பிலோமினாவுக்கும் கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் நாலு பேராவது அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்ததும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கடைசியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். இருவரையும் சோதித்துவிட்டு, பெரிய குறை எதுவும் தெரியவில்லை என்றார். கிளம்பும்போது, "இப்போ எல்லாத்துக்கும் பூச்சி மருந்து அடிக்கிறாங்க. உடம்புக்குள்ள அது எவ்வளவு குறைவாப் போகுதோ அவ்வளவு நல்லது. காய்கறிய நல்லாக் கழுவுங்க, கோஸ்ல மேல் இலைய உரிச்சுப் போடுங்க" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். (சோப்பு என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை. இதைப் பிலோமினா பைபிள் மேல் கைவைத்துச் சொல்வாள்.)

அடுத்த மாதம் என் மைத்துனிக்கு நிச்சயதார்த்தம். மாமனார் இல்லாத வீடு. மூத்த மாப்பிள்ளை நான்தான் பொறுப்பு. புது மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சம்பந்தி, கெலவரப்பள்ளிப் பக்கம் பெரிய விவசாயி. முதல் நாளே தன் தோட்டத்துக் கோஸ் ஒரு மூட்டை அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தேன். இலையெல்லாம் வெள்ளையாகத் தூள். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியதே தவிர, எனக்கென்னவோ தூள் போனமாதிரி தெரியவில்லை.

மறுநாள் காலை சமையல்காரர் கோஸை நறுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் துணி துவைக்கிற பார் சோப்பில் பாதியைச் சீவி, அண்டாத் தண்ணீரில் கரைத்து, நறுக்கிய கோஸ் மொத்தத்தையும் உள்ளே தள்ளினேன். ஒருமுறை அலசி வடித்தேன். இன்னும் நாலு முறை அலசத்தான் இருந்தேன். அதற்குள், "மாப்ளே! அவங்க வந்துட்டாங்க!" என்று மாமியார் கத்தினார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சமையல்காரர் திரும்பி வந்து, சுத்தமாக இருக்கிறதே என்று அப்படியே அடுப்பில் ஏற்றிவிட்டார்.

கூட்டு கொதித்தது. பொங்கியது. நுரை பானையை விட்டு இறங்கி அடுப்பைச் சுற்றிப் பார்த்தது. சமையல்காரர் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் பெருங்காயம் போட்டார்.

பந்தியில் முதல் வாய் வைத்தவர் சம்பந்திதான். மென்றார். நிறுத்தினார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். உதட்டோரத்தில் ஒரு குமிழி மெதுவாகப் பெருத்து, டப்பென்று உடைந்தது.

"இதுல என்ன போட்டீங்க?"

பரிமாறியவர்கள் கரண்டியோடு நின்றுவிட்டார்கள். மாமியார் முகத்தில் ரத்தமில்லை. அவர் சமையல்காரரைப் பார்க்க, அந்த மனுஷன் கண்கலங்கிவிட்டார். பொறுக்க முடியாமல், பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் எழுந்தேன்.

"நான்தாங்க சோப்புப் போட்டுக் கழுவினேன். மருந்து போகட்டும்னு."

"என் தோட்டத்துக் கோஸையா? வெசம்னா நெனச்சீங்க?" இலையை மூடிவிட்டார்.

"ஐயோ, அப்படியில்லீங்க. டாக்டரம்மா சொன்னாங்க. எங்களுக்கு நாலு வருஷமாக் குழந்தையில்ல..."

(நாலு வருஷம் பிலோமினா யாரிடமும் சொல்லாததை அறுபது பேர் முன்னால், கையில் சோற்றுடன் சொல்லிவிட்டேன்.) கதவோரம் நின்ற அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சம்பந்தியம்மாதான் வாயைத் திறந்தார். அந்தப் பக்கத்துக் கன்னட வழக்கப்படி கணவரை "ரீ" என்றுதான் கூப்பிடுவார்.

"ரீ, அந்தப் புள்ள சொல்றதுல என்ன தப்பு? நம்ம ஊட்டுக்குன்னு கெணத்தோரம் மருந்தடிக்காம ஒரு பாத்தி வெச்சிருக்கமில்ல? நாம திங்கறது அதத்தான?"

அறுபது தலைகளும் சம்பந்தி பக்கம் திரும்பின.

"அப்போ எங்களுக்கு அனுப்பினது?" என்றார் மாமியார், மிக மரியாதையாக.

"அது... சந்தைக்குப் போறதுங்க" என்றார் சம்பந்தி. சொல்லும்போதே இன்னொரு குமிழி வந்தது.

முதலில் சிரித்தது பிலோமினா. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நிறுத்தமுடியாமல் சிரித்தாள். பிறகு பந்தியே சிரித்தது. சம்பந்தி மூடிய இலையைத் திறந்து, "கூட்டு வேணாம், ரசம் ஊத்துங்க" என்றார். நிச்சயம் நடந்தது.

அன்றிலிருந்து வாரம் ஒரு கூடை கிணற்றோரப் பாத்திக் காய் எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். காயாலா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அதெல்லாம் நான் சொல்ல முடியாது. நீங்க தயவுசெஞ்சு குழந்தைய மட்டும் மெதுவாக் குளிப்பாட்டுங்க" என்றார். பிலோமினா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், நான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு குரல் கேட்கும்:

"பெரிய மாப்பிள்ளை வந்துட்டாரு, கோஸை எடுத்து உள்ள வைங்க!"