எட்டு ஓமும் ஒரு பால் பாத்திரமும்

ஸ்பீக்கருக்குப் பொருத்தமான பவர் ஆம்ப்ளிஃபையர் அமையும்வரை ஷேவ் செய்துகொள்வதில்லை என்று ரிட்டயரான ஓவர்சியர் சபதம் எடுத்தார். தாடி வளர்ந்ததுதான் மிச்சம்.

ஸ்பீக்கர்கள் இரண்டும் பீரோ உயரம். ஜன்னலோரம் இருந்த மனைவியின் தையல் மெஷினைச் சாமான் அறைக்கு விரட்டிவிட்டு அங்கே குடியேறியவை. அவற்றையும் கூடவே இரண்டு ஆம்ப்ளிஃபையர்களையும், “போட்டுப் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் குடுங்க” என்று கடைக்காரர் அனுப்பியிருந்தார். ஆம்ப்ளிஃபையர் இரண்டிலும் ஓவர்சியருக்குத் திருப்தியில்லை.

“பொருத்தம் சரியில்லடி. ஸ்பீக்கரோட மின்தடை எட்டு ஓம். அதுக்கு ஏத்த ஆம்ப் வேணும்.”

“ஒரு ஓமுக்கே மனசு அடங்கிடும்பாங்க. எட்டு ஓம் இருந்தும் உங்களுக்கு அடங்கலையே?”

“கிண்டல் பண்ணாத. பவர் பத்தல.”

“இந்த வீட்ல பவர் யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுமா தேடறீங்க?”

அவர் தேடியது ஒரே ஒரு பாட்டை. கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வீட்டில், பக்கத்து வீட்டு ரேடியோவில் பாடியபோது ஜன்னலருகே டேப் ரெக்கார்டரை நீட்டிப் பதிவு செய்தது. அப்புறம் சாயங்காலமெல்லாம் அதுதான். அவள் துணி ஓரம் மடித்துத் தைப்பாள், அவர் காலை நீட்டிக்கொண்டு கேட்பார். இப்போது புது சிடியில் அதே பாட்டைப் போட்டால் பாடகி மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. அந்தப் பழைய சுகம் மட்டும் வரவில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது. பழியை ஆம்ப்ளிஃபையர் மேல் போட்டுவிட்டார்.

“சரி, கண்ணைக் கட்டிக்குங்க” என்றாள் மனைவி. “நான் மாத்தி மாத்திப் போடறேன். நீங்க கை காட்டற பெட்டி வீட்ல இருக்கட்டும். மத்த பெட்டியெல்லாம் கடைக்குப் போகணும். சம்மதமா?”

“சம்மதம்!”

தையல் துண்டு ஒன்று அவர் கண்ணை மூடியது. முதலாவது ஒலித்தது.

“வறட்டுச் சத்தம்.”

இரண்டாவது.

“பாகு மாதிரி வழியுது. வேண்டாம்.”

“இப்ப கடைசியா. கவனமாக் கேளுங்க.”

லேசாக ஒரு இரைச்சல். பாட்டு மெல்ல நடுங்கிக்கொண்டே வந்தது. ஓவர்சியரின் கால் தானாக நீண்டது. இரண்டாவது சரணம் தொடங்கும் நேரம் பார்த்து ஓர் இளம் குரல் குறுக்கே பாய்ந்தது:

“என்னங்க! பால் பொங்குது!”

ஓவர்சியர் துள்ளி எழுந்தார். கண்கட்டோடு ஓடினார். கதவில் முட்டி, தடவித் தடவி அடுப்புத் திருகைப் பிடித்தார். அடுப்பு சில்லென்று கிடந்தது.

திரும்பி வந்தவரின் கண்ணைக் கட்டின துணி நனைந்திருந்தது.

“இதுதான்டி! நீயே நேர்ல நின்னு கூப்பிட்ட மாதிரி! இந்தப் பெட்டிதான்! மத்ததெல்லாம் போகட்டும்!”

துணியை அவிழ்த்தார். முக்காலி மேல், ரப்பர் பேண்ட் போட்ட பழைய டேப் ரெக்கார்டர் சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்போ… ஸ்பீக்கர்?”

“அதுவும் பெட்டிதானே? கடை வண்டி வாசல்ல நிக்குது. மெஷினை ஜன்னலுக்கு நகர்த்தணும், ஒரு கை பிடிங்க.”

அவள் டேப்பை நிறுத்தினாள்.

“ஆமா, அடுப்பு வரைக்கும் போனீங்களே, அப்படியே பாலை வச்சுட்டு வந்திருக்கலாம்ல?”