தேனீ நேசர் பார்த்த ஈ

தேனீ நேசர் என்றொரு இனம் உண்டு. பூவை விட மைக் இருக்கும் இடத்தில்தான் அதிகம் வந்து அமரும். மஞ்சள் சட்டை, அதில் கறுப்புக் கோடு, பையில் ரீங்காரமிடும் அலைபேசி, "தேனீ இல்லாட்டி நாம இல்லீங்க" என்று டீ குடிக்கும்போதும் தழுதழுக்கும் தொண்டை. வண்டு, ஈ என்று யாராவது பேச்செடுத்தால் மட்டும் கொட்டாவி. பூச்சியில்கூடச் சொந்தம், அந்நியம் பார்ப்பார்களா? பார்ப்பார்கள்.

அப்படி ஒருவர்தான் மகரந்தச் சேர்க்கை ஆய்வுப் பயிற்சிக்குத் தலைமை தாங்க வந்தார். வெங்காயப் பூப் பாத்தியருகே இருபது பேருக்குப் பூச்சிக் கணக்கெடுக்கச் சொல்லித்தர நின்றவள் ஆய்வக உதவியாளர். அவளுக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர் அவள் அப்பா. அவர் காலமாகி ஐந்து வாரம். அவருடைய பதிவேட்டில், தேனீயைப் போலவே மகரந்தம் சுமக்கும் மஞ்சள்வரி ஈக்கு எதிரே மூன்று வருடமாகப் பூஜ்யம். இந்தப் பருவமும் வராவிட்டால் 'இங்கே அற்றுப்போனது' என்று எழுதி மூட வேண்டும். அதை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

"பத்து நிமிஷம் யாரும் அசையாதீங்க. பூவை மட்டும் பாருங்க."

நேசர் இரண்டு நிமிடம் தாங்கினார். "என்னம்மா, ஒரு தேனீயைக்கூடக் காணோம்?"

"மெதுவா, சார்."

காலை மணி பத்து பதினாலுக்கு அது வந்தது. அந்தரத்தில் அப்படியே நின்றது. வரி தெரிந்தது. பூக்கொத்தில் இறங்கியது. அவள் நேரத்தைக் குறித்தாள். அப்பாவிடம் சொல்லத் தலை தானாகத் திரும்பியது.

'பட்'.

"சனியன் புடிச்ச ஈ! தேனீ உக்கார்ற இடத்துல இதுக்கு என்ன வேலை?" நேசர் சுருட்டிய பயிற்சிக் கையேட்டை உதறிக்கொண்டிருந்தார். 'சிற்றுயிர் காப்போம்' என்ற அட்டையில் மஞ்சளாக ஒரு தீற்றல்.

"சார்... மூணு வருஷமா நாங்க தேடின ஈ அதுதான்."

நேசர் ஒரு கணம்தான் விழித்தார். "அப்போ வந்திருச்சில்ல! எழுதும்மா. நம்ம பயிற்சியோட மொத வெற்றி. எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள்.

அப்பாவின் மூன்று பூஜ்யங்களுக்குக் கீழே அவள் 'ஒன்று' என்று எழுதினாள். பதிவேட்டை மூட வேண்டியதில்லை. வந்த நேரம் பத்து பதினாலு. போன நேரம்? அதுவும் பத்து பதினாலு.

சிரிக்கிறீர்களா? உங்களுக்குத் தேனீ பிடிக்கும், தெரியும். ஈ? யோசிக்கிறீர்கள். யோசியுங்கள், அவசரமில்லை. ஓங்கிய கையை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.