ஆறு விசில், இருபத்தெட்டுக் குதிரைகள்

ஜிர்கலான் பள்ளத்தாக்கு,
ஜூலை 24

மதிப்பிற்குரிய சதிர்பெக் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் தொக்தோசுன் பணிவுடன் எழுதிக்கொள்வது. முதலில் உங்கள் குதிரைகளும் ஆடுமாடுகளும் சுகமா, அடுத்து நீங்களும் அக்காவும் சுகமா? இங்கே உங்கள் மகள் சாய்கல் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதிக் கடிதத்தை நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம்.

ஆறு பேர் ஓர் அணி, இரண்டு நாள் மலை நடைப் போட்டி, ஆறு பேரும் சேர்ந்துதான் கடைசிக் கொடியைத் தொட வேண்டும் என்றதும் நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். "அவ முழுசாத் திரும்பி வரட்டும், அப்புறம் பாக்கலாம் அவ சேரணும்கிற அந்த மலை மீட்புப் பயிற்சியை. இல்லேன்னா நான் கையெழுத்தே போட மாட்டேன்" என்றீர்கள். "நானும் அணியில போறேன் அத்தான், பாதுகாப்புப் பொறுப்பு என்னோடது" என்று நான் மார்தட்டினேன். சொன்னபடியே நடந்துகொண்டேன். வெளிநாட்டுக் கையேடு ஒன்றைப் பார்த்துப் பதினோரு விதிகள் எழுதி, ஐந்து பேரையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். அதில் நான்காவது விதி, ஆபத்து என்றால் ஆறு முறை விசில் ஊது, ஒரு நிமிடம் பொறு, மறுபடி ஊது. ஏழாவது விதி, குறுக்குவழியில் போகாதே. அணியில் எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்கு மிக நன்றாகவே தெரியும்.

அந்த ஒருவர்தான் இரண்டாம் நாள் மதியம் ஒரு கம்பளிக் கூடாரத்தைத் தாண்டும்போது மாட்டிக்கொண்டார். உங்களுக்குத் தெரியாததா, வாசல்வரை போய்விட்டு ரொட்டியைத் தொடாமல் எப்படி வருவது? "ஒரு வாயாவது தொட்டுட்டுப் போங்க, நாங்க என்ன பகையாளியா?" என்று அந்த வீட்டம்மா கேட்டால் மனுஷன் என்ன செய்வான்? "நீங்க முன்னாடி போங்க, இதோ வந்துட்டேன்" என்று மற்ற ஐந்து பேரையும் அனுப்பிவிட்டு ரொட்டியைத் தொட்டார். ரொட்டிக்குப் பிறகு புளித்த குதிரைப்பால், நம்ம குமிஸ், மூன்று கிண்ணம், அதற்குப் பிறகு மரியாதைக்கு இன்னொன்று. எழுந்து பார்த்தால் அணி கண்ணுக்கே தெரியவில்லை. சரி, எட்டிப் பிடித்துவிடலாம் என்று குறுக்கே இறங்கினார். பனிமூட்டம் வந்து மூடிக்கொண்டது. சரளைக்கல்லில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு பள்ளம்வரை போய்ச் சேர்ந்தார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஆனாலும் நிதானம் இழக்கவில்லை, நான்காவது விதிப்படி ஆறு விசில் ஊதினார்.

கீழே போட்டிக்காகப் போட்டிருந்த காவல் கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நம்ம மேய்ப்பர்கள்தான். விசில் அவர்கள் காதில் விழாமல் இல்லை. "யாரோ குதிரைக்குத் தண்ணி காட்டுறான்" என்றானாம் ஒருத்தன். "விடாம காட்டுறானே, நல்ல தாகம் போல" என்றானாம் இன்னொருத்தன். டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை அத்தான். குதிரை தண்ணீர் குடிக்க நாம் விசிலடிப்போம் என்று அந்தக் கையேடு எழுதினவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் குதிரைகளுக்குத் தெரியும். பனிமூட்டத்துக்குள்ளிருந்து இருபத்தெட்டும் வரிசையாக வந்து பள்ளத்தைச் சுற்றி நின்றுகொண்டு, தண்ணீர் எங்கே என்று அவரையே பார்த்தன. ஒன்று வரைபடத்தைத் தின்றுவிட்டது.

நம்ம சாய்கல் அப்போது கொடிக்கு ஒரு கல் தொலைவில் நிற்கிறாள், முதலிடம் கைக்கெட்டும் தூரம். விசில் கேட்டதும் காதைத் தீட்டினாளாம். "குதிரைக்குத்தான் தண்ணி காட்டுறாங்க, அவர் கொடிகிட்ட வந்து சேந்துக்குவார், நீ வா" என்று மற்ற நால்வரும் இழுத்திருக்கிறார்கள். "அந்தச் சரிவுல ஓடையே இல்லையே, எங்கேருந்து தண்ணி காட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டு மேலே ஏற ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். எதிரே மூன்று அணிகள் இறங்கிப் போயின, அவள் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லையாம். பள்ளத்தில் அவரைக் கண்டதும், "காலை ஆட்டாதீங்க, பேசாம இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சாய்கல் இரண்டு ஊன்றுகோலை வைத்துக் காலைக் கட்ட, ஐந்து பேரும் மாற்றி மாற்றிச் சுமந்து இறக்கினார்கள். குதிரைமேல் ஏற்றினால் அணி செல்லாது என்பது போட்டி விதி, அதனால் குதிரைகள் பின்னால் சும்மா நடந்து வந்தன. "என் குதிரை இருபத்தெட்டையும் எவன்யா கூப்பிட்டது?" என்று கத்திக்கொண்டே ஓர்மோன் என்கிற மேய்ப்பனும் வந்தான். எல்லோருக்கும் கடைசியில், ஆனால் ஆறு பேரும் சேர்ந்தே கொடியைத் தொட்டோம்.

ஆகவே என் ஏற்பாடுகள் முழு வெற்றி. உங்கள் பட்டியில் குட்டிகள் பெருகட்டும், அக்காவின் முழங்கால் வலி தீரட்டும், வீட்டுப் புகைபோக்கியில் என்றும் புகை வரட்டும்.

இப்படிக்கு,
தொக்தோசுன்

பி.கு.: உறையில் போடும்போது சாய்கல் வாங்கிப் படித்துவிட்டு, "மாமா, இது நல்லால்ல" என்றாள். நான் பொய் ஒன்றும் எழுதவில்லை. 'ஒருவர்' என்று வரும் இடங்களில் மட்டும் என் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள். மாவுக்கட்டு ஆறு வாரத்துக்காம். அவளை என் பொறுப்பில் விட்டதாகத்தானே நினைத்தீர்கள்? என்னைத்தான் அவள் பொறுப்பில் விட்டிருக்கிறீர்கள். அந்தப் பள்ளத்தில் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது அத்தான். பனிக்குள்ளிருந்து அவள் "மாமா" என்று கூப்பிட்டதும் அழுதுவிட்டேன். நாளைக்கு எவர் வீட்டுப் பிள்ளையோ இப்படிக் கிடப்பான், அவனுக்கும் அந்தக் குரல் கேட்கட்டும். அவள் பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.